மெதுவான கால்

என் மாமன் லீடர் ஆக வேண்டுமானால் மெதுவாக நடக்கிற ஒரு சின்னப் பையன் தேவைப்பட்டான். அந்தத் தகுதி எங்கள் தெருவில் என்னைவிட வேறு யாருக்கும் இல்லை.

அவர் அம்மாவின் தம்பி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு எங்களோடுதான் இருந்தார். உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களில் இளைஞர் மன்றங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டமாக நடத்திக் கூட்டிப்போய் ஏரி, மதகு, கால்வாய், பயிர் எல்லாவற்றையும் காட்டச் சம்பளம் வாங்காத இளம் தலைவர்கள் வேண்டும் என்று வாலாஜாபாத்தில் ஒரு பயிற்சி முகாம் போட்டார்கள். மாமன் அதில் சேர்ந்தார். முகாமின் முடிவில் ஒரு சோதனை நடை. தேறினால் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு விசில் கொடுப்பார்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்வளவு பேஜாரா என்று அப்பா கேட்டார். மாமனுக்கு அந்த விசில் போதுமாக இருந்தது. நடந்தபடியே தூங்குகிறவரைப்போல அந்த மாதம் முழுக்க அவர் திரிந்தார். கிணற்றுக்குப் போனால்கூட என்னையும் ஆட்டையும் ஒற்றை வரிசையில் நிறுத்தி, அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போவார். தலைவன் என்றால் முன்னால் போகிறவன் அல்ல, பின்னால் பார்க்கிறவன் என்று முகாமில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆட்டுக்கு இது பிடிபடவில்லை.

முகாமின் இன்னொரு பாடம், கூட்டத்தில் யாருடைய கால் மெதுவானதோ அந்தக் காலின் வேகம்தான் எல்லோருடைய வேகமும் என்பது. அதைச் சோதிக்க, ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து ஒரு சிறு பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள்.

"இவனையா இட்டுக்கினு போற?" என்று அம்மா சிரித்தாள். "இவன உப்பு வாங்க அனுப்சா, கொழம்பு ஆறினப்பறம் வருவான்."

"அதாங்க்கா வேணும். இவனக் கொண்டுபோய் சேத்துட்டன்னா யார வேணா சேத்துடலாம்."

என் குறைக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அன்றிலிருந்து இன்னும் மெதுவாக நடந்தேன்.

நடைக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா மாமனுடைய காக்கி அரைக்கால் சட்டைக்குக் கஞ்சி போட்டு, காய்ந்ததும் பாய்க்கடியில் மடித்து வைத்தாள். எந்த வழியாகப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஏரிக்கரையிலிருந்து மதகு வழியாக இறங்கி, வயல்காட்டைக் கடந்து சாலவாக்கம் ரோட்டுக்கு என்றார் மாமன்.

"நாளிக்கு எனக்கு அங்கதான் நடவு. பாக்கறன், எப்பிடித்தான் இட்டுக்கினு போறன்னு."

மாமன் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். "அக்கா, முகாம்ல எல்லாரும் அவங்கவங்க வூட்டப் பத்தி சொன்னாங்க. ஒருத்தன் வாத்தியார் புள்ள. ஒருத்தன் வூட்ல ரைஸ்மில் கீது. என்னியக் கேட்டாங்க. நம்ம நைனா விவசாயம் பண்றாருன்னேன்."

"செரிதான? விவசாயந்தான பண்றாரு." அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாரு நெலத்துலன்னு கேட்டாங்களா?"

"கேக்கல."

அம்மா தொடர்ந்து சிரிப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கரண்டியை எடுத்துக் குழம்பைத் துழாவ ஆரம்பித்தாள்.

தை மாதத்துப் பனி அன்றைக்குப் போலப் பிறகு நான் பார்த்ததில்லை. வாலாஜாபாத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றி வந்த பஸ் ஏரிக்கரையோரம் நின்றபோது, பஸ்ஸின் முன்பாதி மட்டும்தான் இருந்தது. அதிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வெள்ளைக்குள் குதித்தார்கள். பயிற்சி கொடுத்த சார் கடைசியாக இறங்கினார். பட்டணத்துக்காரர், நல்ல மனிதர். கால்சட்டைப் பை நிறையப் பெப்பர்மிண்ட் வைத்திருந்தார். தன் விசிலைக் கழற்றி மாமன் கழுத்தில் மாட்டி, "போய்ச் சேர்ற வரைக்கும் இது கடன். சேர்ந்த பிறகு உங்களுது," என்றார். பேச வேண்டுமானால் கை தூக்க வேண்டும், லீடர் கைகாட்டிய பிறகுதான் பேச வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்.

கரைமேல் நடந்தோம். ஒரு பக்கம் தண்ணீர் இருக்கிறது என்று வாசனைதான் சொன்னது. எங்கோ ஒரு நீர்க்கோழி கத்தியது, அது மேலேயிருந்து கத்துகிறதா கீழேயிருந்தா என்று தெரியவில்லை. நான் நின்றால் வரிசை நின்றது. ஒரு நத்தை கரையைக் கடந்து முடிக்கும்வரை வாலாஜாபாத் முழுவதும் எனக்காகக் காத்திருந்தது. அவர்களுக்கும் அது பிடித்துவிட்டது. குனிந்து பார்த்தார்கள். மாமன் நத்தையைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார், ஏரியைப் பற்றிச் சொன்னார், மதகைத் திறந்தால் தண்ணீர் எந்த வயலுக்கு முதலில் போகும் என்று சொன்னார். சார் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். "நிலத்தை நல்லாக் காட்டுறீங்க. வழியில மனுஷங்க வந்தா அவங்களையும் காட்டணும். அதுதான் முக்கியம்," என்றார்.

மதகைத் தாண்டி வரப்பில் இறங்கினோம். முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. பிறகு வளையல் சத்தம். அதற்கும் பிறகுதான் பனிக்குள்ளிருந்து சேலைகள் ஒவ்வொரு நிறமாக வெளியே வந்தன. மேகம் ஒன்றில் யாரோ நாற்று நடுவது போல இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கிற வயலோரம் புது ஆள் யாராவது போனால், பெண்கள் ஒரு நாற்று முடியை அவர் காலடியில் வைத்து வழியை மறிப்பார்கள். ஏதாவது கொடுத்தால்தான் விடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சேறு சொட்டச் சொட்ட வரப்பேறி வந்து சாரின் காலடியில் ஒரு முடியை வைத்தாள். பிறகு மாமன் பக்கம் திரும்பினாள். தினமும் காலையில் அவரை "டேய் தண்டம், நாஷ்டா ஆச்சாடா?" என்று கேட்கிறவள் அவள்.

"சார், நடவுக்காரிங்கோ. எதனா குடுத்துட்டுப் போங்க சார்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொங்கியது. என்ன அருமையான விளையாட்டு! வயலில் இருந்த மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டு, "ஆமா சார், குடுங்க சார்," என்றார்கள். எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள். ஒருத்திகூட முகம் மாறவில்லை.

சார் மகிழ்ந்துபோய்ப் பெப்பர்மிண்ட்டை அள்ளிப் பெரியம்மாவின் முந்தானையில் போட்டார். "தம்பி, இவங்க யாருன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. உங்க ஊர்க்காரங்கதானே? தெரிஞ்சவங்களா?"

"சார், இவங்க... அதோ அந்தக் கடைசீல..." மாமனின் கை பாதி உயர்ந்தது.

அந்தக் கை போன திசையில் நானும் பார்த்தேன். வயலின் கோடியில், தனியாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையை நெற்றிவரை இழுத்து விட்டிருந்தாள். ஆனால் முதுகு தெரியாதா? அதன்மேல் ஏறித்தானே நான் வளர்ந்தேன்.

பெரியம்மா குறுக்கே பேசினாள். "இவுரு யாரு எவுருன்னு எங்களுக்கு இன்னா சார் தெரியும்? பெரிய வூட்டுப் புள்ளயாட்டம் கீறாரு. நாங்க கூலிக்கு நடறவங்கோ."

"அண்ணா, இது உங்க நெலமா?" என்று வரிசையிலிருந்த ஒரு கண்ணாடிக்காரப் பையன் கேட்டான். அவன் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். முகாம் விதிப்படி, முழங்கை காதில் உரச, நேராகத் தூக்கினேன். அது எங்கள் அம்மா என்று சொல்ல வேண்டும். மாமன் என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கைகாட்டவில்லை.

விசிலை வாயில் வைத்து ஊதினார். வெறும் காற்று வந்தது. மறுபடி ஊதினார், புறப்படச் சொல்லும் நீளமான சத்தம் வந்தது. வரிசை நகர்ந்தது. அன்றைக்கு முதல்முறையாக வரிசை என் காலின் வேகத்தில் போகவில்லை. பின்னாலிருந்த பிள்ளைகள் தள்ள, தூக்கிய கையோடு நான் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது சேலைகளைப் பனி ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரையில் அந்த முதுகு நிமிரவில்லை.

சாலவாக்கம் ரோட்டில் பஸ் காத்திருந்தது. பிள்ளைகள் ஏறியதும் சார் மாமனின் தோளைத் தட்டினார். "ரொம்ப நல்லாப் பண்ணீங்க. ஒருத்தரையும் விட்டுட்டு வரலை. அதான் லீடர்." மாமன் தன் கால்சட்டையின் கஞ்சி மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவருக்கும் சேர்த்துச் சிரித்தேன். மெதுவான கால் வந்து சேர்ந்துவிட்டதல்லவா!

சாயங்காலம் அம்மா வாசலில் காலைக் கழுவிக்கொண்டே, "ஊது, கேக்கலாம்," என்றாள்.

"அக்கா..."

"ஊதுடா லீடரு."

மாமன் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஏரிப்பக்கம் போய்விட்டார். அம்மா ஈரக்கையோடு அந்த விசிலை ஒருமுறை நிமிர்த்தி வைத்தாள்.

நான் விடவில்லை. "நாங்க வந்தம். நீ ஏம்மா பாக்கல?"

"பாத்தன்டா. வெயிலு கண்ணுல அடிச்சிக்கினு இருந்திச்சி. யாரு போறாங்கன்னே தெரியல."

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பெப்பர்மிண்ட்டை என் வாயில் போட்டாள். ஈரத்தில் பாதி கரைந்து, கொஞ்சம் சேற்று வாசனையோடு இருந்தது. அதைச் சப்பிக்கொண்டே வெகுநேரம் யோசித்தேன். அன்று சாயங்காலம் வரை எங்கள் ஊரில் சூரியனே வரவில்லை. ஆனால் அம்மா பொய் சொல்லமாட்டாள். ஆகவே குனிந்து நடுகிறவர்களுக்கு மட்டும், சேற்றுத் தண்ணீருக்குள் தனியாக ஒரு வெயில் அடிக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.