முடிச்சுக்கு அந்தப் பக்கம்

பிள்ளைகளா, உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போது பெரியவள், சின்னவன் என்றே குறித்துக்கொள்கிறேன். பின்னால் உங்கள் பிள்ளைகள் எடுத்துப் படித்தாலும் யார் யாரென்று விளங்க வேண்டும் இல்லையா. மின்சாரத்தைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். பாடத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் தப்பு இருக்காது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தவன்.

பெரியவள் அப்போது எட்டாம் வகுப்பு. நான் படிப்பை நிறுத்திய வகுப்பும் அதுதான். பசுமலையில் அவளுடைய பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. வகுப்புக்கு ஒரு மேசைதான். மின்காந்தம் செய்கிறேன் என்று இவள் கையைத் தூக்கிவிட்டாள். எரிமலை செய்கிறேன் என்று இன்னொரு பிள்ளையும் தூக்கியிருந்தது. "சனிக்கிழமை மத்தியானம் உன்னுது வேலை செஞ்சா மேசை உனக்கு. செய்யலைன்னா எரிமலைக்கு" என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை திருப்பரங்குன்றத்தில் நம் தையல் கடையில் துணி வெட்டும் மேசையை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தேன். ஒரு இரும்பு போல்ட், மோட்டாருக்குள் சுற்றப் பயன்படும் மெல்லிய செப்புக் கம்பி, டார்ச் லைட் பேட்டரி, சின்ன பல்பு. சாமான் அவ்வளவுதான்.

"போல்ட்டுல கம்பியைச் சுத்தி, ரெண்டு முனையையும் பேட்டரியில வைக்கணும். கரண்டு ஓடுற வரைக்கும் போல்ட்டு காந்தமா இருக்கும். எடுத்துட்டா மறுபடி வெறும் போல்ட்டு" என்றாள் பெரியவள்.

"அம்புட்டுத்தானா?" என்றான் சின்னவன்.

"அம்புட்டுத்தான். ஆனா எல்லாச் சுத்தும் ஒரே பக்கமாப் போகணும். பாதியில திருப்பிச் சுத்துனா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிரும். எம்புட்டுக்குச் சுத்து கூடுதோ, அம்புட்டுக்கு இழுக்கும்."

சுற்றுகிற வேலையை உங்கள் அம்மா வாங்கிக்கொண்டாள். நூல் சுற்றிப் பழகிய கை. சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல் அழகாக வந்தது. நூலை இழுத்துப் பிடிக்கிற மாதிரியே கம்பியையும் இழுத்துப் பிடித்தாள். பாதியில் பட்டென்று அறுந்துவிட்டது. அவள் அசரவில்லை. அறுந்த இரண்டு முனையையும் சேர்த்து, சட்டைக்குள் வெளியே தெரியாமல் போடுவாளே, அந்த முடிச்சைப் போட்டுவிட்டு மேலே சுற்றினாள். நானும் பார்த்துவிட்டு, கச்சிதமாக இருக்கிறது என்றேன். தையல்காரன் வீட்டில் அறுந்ததை வேறு எப்படிச் சேர்ப்பார்கள்.

டீச்சர் சொல்லியிருந்தபடி பெரியவள் கம்பியின் இரண்டு கடைசி முனையையும் பிளேடால் சுரண்டி, பேட்டரியில் வைத்தாள். மேசையில் கொட்டியிருந்த குண்டூசி ஒன்றுகூட அசையவில்லை. சின்னவன் ஓடிப்போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தான். அதற்கும் அசையவில்லை.

"எரிமலை ஜெயிச்சிருச்சு" என்றான் அவன்.

"வாய மூடு" என்றாள் பெரியவள். கண் கலங்கியிருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்.

முதலில் பேட்டரியையும் பல்பையும் மட்டும் தனியாக இணைத்தாள். எரிந்தது. அப்படியானால் இரண்டும் நல்லவை, கோளாறு கம்பியில்தான் என்றாள். மின்சாரம் பேட்டரியிலிருந்து புறப்பட்டுப் பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும். வழியில் எங்காவது ஓரிடத்தில் தடைப்பட்டாலும் வழி முழுக்க நின்றுவிடும். அன்றைக்குத்தான் எனக்கே அது விளங்கியது.

பிறகு அம்மா சுற்றியதை முடிச்சு வரைக்கும் பிரித்தாள். முடிச்சுக்கு முன்னால் கொஞ்சம் சுரண்டி, பல்பைச் சேர்த்து வைத்தாள். எரிந்தது. முடிச்சைத் தாண்டிக் கொஞ்சம் சுரண்டி வைத்தாள். எரியவில்லை.

"அம்மா, முடிச்சுலதான் நிக்குது."

"ஏண்டி, நான் போட்ட முடிச்சு இதுவரைக்கும் அவுந்திருக்கா?" அம்மாவுக்குக் கோபம்தான்.

"அவுரலைம்மா. கட்டு நல்லாத்தான் இருக்கு. இந்தக் கம்பி மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு பூச்சு இருக்கு. அது இல்லைன்னா சுத்துக்குச் சுத்து ஒட்டிக்கிட்டு கரண்டு குறுக்கால போயிரும். இப்ப ரெண்டு கம்பியும் சட்டையைப் போட்டுக்கிட்டே கட்டிப் பிடிச்சிருக்கு. உடம்பும் உடம்பும் தொடலை."

"டெய்லர் வீட்டுக் கம்பி, சட்டை போடாம இருக்குமா?" என்றான் சின்னவன். அம்மாவே சிரித்துவிட்டாள்.

முடிச்சை வெட்டி, இரண்டு முனையிலும் பூச்சைச் சுரண்டி, பளபளவென்று ஆனதும் ஒன்றோடொன்று முறுக்கினாள் பெரியவள். அந்த இடம் மற்ற சுற்றில் படாமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி விட்டு, மறுபடி ஒரே பக்கமாகச் சுற்றினார்கள். பேட்டரியில் வைத்ததும் குண்டூசிகள் கொத்தாக ஏறி போல்ட்டின் முனையில் தொங்கின. முனையை எடுத்தாள், பொலபொலவென்று கொட்டின. "ரொம்ப நேரம் வைக்கக் கூடாது, கம்பி சுட்டுரும்" என்று எங்களை எச்சரிக்கை வேறு செய்தாள்.

மத்தியானம் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினாள், மேசை அவளுக்குத்தான் கிடைத்தது. கண்காட்சிக்குக் கிளம்பும்போது அந்த ஒட்டு அசிங்கமாகத் தெரிகிறது, கலர் டேப் சுற்றி மறைத்துவிடலாம் என்று அம்மா சொன்னாள். இவள் கேட்கவில்லை. மீந்த கம்பித் துண்டு இரண்டை அம்மாவிடம் கொடுத்து அதே தையல் முடிச்சைப் போடச் சொல்லி, பல்போடு சேர்த்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். கண்காட்சிக்கு மதிப்பெண் போட வந்த கல்லூரிப் பேராசிரியை, "நடுவுல ஏன் ஒட்டு?" என்று கேட்டார்.

"அறுந்துபோச்சு மேடம். முதல்ல இந்த மாதிரி முடிச்சுப் போட்டோம், கரண்டு போகலை. ஏன்னு சொல்லட்டுமா?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார். இதை வைத்து வேறென்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, "எங்கப்பா தையல் மிஷின் மோட்டாருக்குள்ள இருக்கிறதும் இதுதான் மேடம். கரண்டு வர்றப்ப உள்ள இருக்கிற காந்தம் இழுத்துத் தள்ளுது, அதான் சுத்துது" என்றாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவரிடம், கேட்காமலே, "என் மகள்" என்றேன்.

பரிசு வேறு வகுப்புக்குப் போனது. வீட்டுக்கு வரும் வழியில் அவள் பசிக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

உங்களை வீட்டில் விட்டுவிட்டு நான் கடைக்குப் போனேன். பிளக்கை உருவிவிட்டு, தையல் மிஷின் மோட்டாரின் மூடியை முதல் தடவையாகக் கழற்றினேன். உள்ளே செப்புக் கம்பி, சுற்றுக்குச் சுற்று நெருக்கமாக, ஒரே பக்கமாகப் போயிருந்தது. மேலே படிந்திருந்த துணித் தூசியை ஊதிவிட்டு, மூடியை மாட்டித் திருகினேன்.