மக்ரிபுக்கு வந்த தூக்குவாளி

வாழையிலையில் கட்டிய புரோட்டாவின் மேல் சூடான சால்னா இறங்கி, இலையே வெந்து ஒரு வாசம் வருமே, சிறுவயதில் எனக்கு அதுதான் ராத்திரியின் வாசம். திண்டுக்கல் நாகல் நகரில் அத்தா புரோட்டாக் கடை வைத்திருந்தார். கடையைச் சாத்திவிட்டு அவர் பொட்டலத்தோடு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு. அரைத்தூக்கத்தில் கிடக்கும் என்னை அம்மா எழுப்பி உட்கார வைப்பாள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அத்தா "சாப்பிட்ட கையோட" படுத்துவிடுவார். குறட்டை வீட்டையே தூக்கும். நெஞ்செரிகிறது என்று இடையிடையே எழுந்து தண்ணீர் குடிப்பார். பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் அசருவார். உழைக்கிற மனிதருக்கு அசதி இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டோம்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஒரு விடுமுறை நாள் காலையில், கடைக்கு இலைக்கட்டு வாங்க வத்தலக்குண்டுக்குப் போனவர் என்னையும் மொபெட்டில் கூட்டிப்போனார். திரும்பும் வழியில் வண்டி மெல்லச் சாலையை விட்டு இறங்கியது. ஏதோ காரியமாகத்தான் நிறுத்துகிறார் என்று நினைப்பதற்குள் இருவரும் மக்காச்சோளக் காட்டில் கிடந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அத்தா என் தலையையும் கையையும் தடவித் தடவிப் பார்த்து, "கண்ணு சொருகிருச்சும்மா, கண்ணு சொருகிருச்சு" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்து, சர்க்கரை ஏறியிருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதினார். சாப்பிடும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு, "நீங்க தூங்கினாலும் உங்க வயிறு தூங்கலையே! தூக்கமும் கெடுது, சர்க்கரையும் ஏறுது. ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்காலமே முடிச்சிருங்க" என்றார்.

"யாவாரம் சூடு பிடிக்கிற நேரத்துல நான் எங்கிட்டு உக்காந்து சாப்பிட?" என்று அத்தா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் பொழுது சாய்ந்து, மக்ரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லிச் "செத்த நேரத்தில்" என்னையும் கூட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு கடைக்கே போய்விட்டாள். உள்ளே கேப்பை ரொட்டியும் அவரைக்காய் வெஞ்சனமும்.

"கூட்டம் நிக்குதுல்ல, அப்புறம் பாக்கலாம்" என்றார் அத்தா.

"கூட்டம் நாளைக்கும் வரும். நீங்க இருக்கணும்ல?" என்றாள் அம்மா.

புரோட்டா வீசிக்கொண்டிருந்த மாஸ்டர், "நான் பாத்துக்கிறேன் பாய், நீங்க சாப்பிடுங்க" என்றார். சொந்தக் கடையில், வந்தவர்கள் பார்க்க, கேப்பை ரொட்டி தின்ன அத்தாவுக்கு ஒரே கூச்சம். முதல் சில நாள் வீட்டுக்கு வந்தும் அடுக்களையில் எதையாவது உருட்டுவார். அம்மா ஒரு தம்ளர் மோரோடு சரி என்றுவிடுவாள். பழகப் பழக நெஞ்செரிச்சல் நின்றது, குறட்டை தணிந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். நேரத்தோடு சாப்பிட்டுத் தூங்கியதில் நானும் வகுப்பில் கொட்டாவி விடாமல் உட்கார்ந்தேன்.

இன்று அந்தக் கடை இல்லை, அங்கே செல்போன் விற்கிறார்கள். கல்லில் தட்டும் கரண்டிச் சத்தமும் போயிற்று. ஆனால் அத்தா இருக்கிறார், எழுபதைத் தாண்டி. கல்லூரியில் படிக்கும் என் மகனோடு தினமும் காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி நடக்கிறார். போன வாரம் கால் வலிக்கிறது என்று பாதியில் உட்கார்ந்தவனிடம், "நீ ஆட்டோவுல வாப்பு, நான் நடந்தே வாரேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாராம்.