குமரேசன் அண்ணனும் அந்த டெலிகாம் ஷேரும்

குமரேசன் அண்ணன் நேற்றுக் காலை போய்விட்டார். மாரடைப்பு.

செல்போன் டவர் வேலையில் என் ஜோடி. கல்வராயன் மலையில் நாங்கள் ஏறாத டவர் கிடையாது... நாங்கள் என்கிறேன், ஏறியதெல்லாம் அவர்தான். நான் கீழே நின்று ஒயர் கொடுப்பேன்.

வெள்ளிமலைக்கு ஒரு கம்பெனியின், சிக்னல் அனுப்பும் ரேடியோ பெட்டிகள் லோடு லோடாக வந்த சமயம். பழையதைக் கழற்றிவிட்டு எல்லா டவரிலும் இதையே மாட்டினோம்.

"இந்தக் கம்பெனி ஷேர வாங்கிடலாம்ணே. ஊருக்குத் தெரியறதுக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சிபோச்சி" என்றேன். ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

அவர் உடனே தலையாட்டவில்லை. தியாகதுருகம் டீக்கடையில் என் போனை வாங்கி அந்தக் கம்பெனியின் லாப நஷ்ட ரிசல்ட்டைப் பார்த்தார். "விக்கிறது ஏறிக்கினே போவுது, லாப மார்ஜின் கம்மியாயிக்கினே வருதே... இன்னாப்பா இது?"

"கம்பெனி மாறிக்கினு இருக்குதுண்ணே. இப்ப பொட்டிய அடிமாட்டு விலைக்குக் குடுத்து இடம் புடிக்கிறான். அப்பறம் சாஃப்ட்வேர்ல சம்பாரிச்சிடுவான்."

யூடியூபில் கேட்டதைச் சொந்தச் சரக்கு போல அளந்துவிட்டேன். அந்த சாஃப்ட்வேரை யாராவது வாங்குகிறார்களா என்று நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்த பணத்தைப் போட்டார். நான் போட்டது கொஞ்சம்தான்.

பெட்டி விற்றது, லாபம் நிற்கவில்லை. சாஃப்ட்வேர் பணம் வரவே இல்லை. ஷேர் படுத்தது, எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுஷன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் முட்டையில் பாதி என் பக்கம் வரும்.

நேற்று எலவனாசூர்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். இன்னும் சிமென்ட் ஷீட்தான். மாலையை வைத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம் சொன்னார்...

"அந்த ஷேரு வாணாம், லாபம் கொறைஞ்சிக்கினே வருதுன்னு இந்தத் தம்பி தலபாடா அடிச்சிக்கிச்சாம். இவருதான் கேக்கல. அவரே எங்கிட்ட சொன்னாரு."

அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு பெரியவர் "நல்ல புள்ள" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். வெட்கங்கெட்டவன்.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

அண்ணி ஃபேஸ்புக் பார்க்க மாட்டார். ப்ரியா, அப்பா போட்டோவுக்குக் கீழே 'கூடவே இருந்ததுக்கு தேங்க்ஸ் சித்தப்பா' என்று எழுதியிருக்கிறாயே... அம்மாவிடம் இந்தப் பதிவைப் படித்துக் காட்டும்மா. மார்ஜினைப் பார்த்துத் தயங்கியது உங்க அப்பா. வாங்கச் சொன்னது நான்.

அண்ணே, எனக்காக நீங்க சொன்ன பொய்யை உடைச்சிட்டேன். கோச்சிக்காம போய்ட்டு வாங்க.