மரிக்கொழுந்து வைத்த காது

நங்கையா! நங்கையா!

இப்படி இரண்டு தடவை கூப்பிட்டால்தான் அவள் திரும்புவாள். தறிச் சத்தத்தில் யாருக்குத்தான் ஒரே தடவையில் கேட்கும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பேர் அவளுக்கு ஒன்று உண்டு, எங்கள் வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு அவள் நங்கையா. அவள் போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. நான் நாலாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இதை நான் எழுதாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

அவளை நினைத்தாலே மரிக்கொழுந்து வாசம்தான் முதலில் வருகிறது. ராசிபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் பூவைக் கொண்டையில்தான் வைப்பார்கள். நங்கையா மட்டும் இடது காதுக்குப் பின்னால் ஒரு கொத்து மரிக்கொழுந்தைச் செருகிக்கொள்வாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ராட்டை சுற்றும்போதும் வைத்திருப்பாள், மாவு இடிக்கும்போதும் வைத்திருப்பாள். "மகாராணிக்குக் காதோரம் ஒரு தோட்டம் வேணுமாக்கும்" என்று அம்மா இடித்துப் பேசுவாள். நங்கையா சிரித்துக்கொள்வாள். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. நானும் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன், நிற்காமல் கஞ்சிப் பானைக்குள் விழுந்து அம்மாவிடம் அடி வாங்கினேன். நாங்கள் பெண்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் நங்கையா எப்போதும் இடது ஓரத்தில்தான் உட்காருவாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது எண்ணெயில் நனைத்த பஞ்சை அந்தக் காதில் அடைத்துக்கொண்டுதான் ஊற்றுவாள். கோயில் குளத்தில் முழுகவே மாட்டாள். ஒவ்வொன்றையும் பார்த்தோம். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து யோசிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குப் பதினாறு வயதில் குமாரபாளையத்தில் மாப்பிள்ளை பார்த்து, மாசியில் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. அந்த மார்கழி நல்ல குளிர். தறியில் ஏற்றுகிற பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கிற பெரிய வெளியைப் பாவடி என்போம். விடிகிற நேரத்தில் அங்கே நின்றால் காது விறைத்துப் போகும். அதனால் கழிவு நூலைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். வேலை முடிந்ததும் பிடுங்கிப் போட்டுவிடுவோம். ஒரு நாள் வலது காதில் வைத்ததை எடுக்கும்போது அறுந்து ஒரு துண்டு உள்ளேயே நின்றுவிட்டது போலிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அரிப்பு எடுத்தது. நூல் சுற்றுகிற தார்க்குச்சி கையிலேயே இருந்தது, அதை விட்டுக் குடைந்தேன். குடையக் குடையச் சுகமாக இருந்தது. நாலைந்து நாளில் தலைமேல் பானையைக் கவிழ்த்த மாதிரி காது அடைத்துவிட்டது. அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பேசியதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னேன். தை பிறந்ததும் குமாரபாளையத்திலிருந்து பெண்கள் கல்யாணச் சேலை காட்ட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "செவிட்டுப் புள்ளைன்னு அவுங்களுக்குத் தெரிஞ்சா வாசப்படியோட திரும்பீருவாங்க" என்று என் நல்ல காதுப் பக்கம் வந்து சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

சந்தைக்குக் காது குடைகிறவன் ஒருவன் வருவான். தலைப்பாகையில் நாலைந்து கம்பிகளைச் செருகிக்கொண்டு, தகரப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அம்மா என்னை அங்கே இழுத்துப் போனாள். மிளகாய் வாங்கவென்று நங்கையாவும் கூட வந்தாள். எங்களுக்கு முன்னால் இருந்த வண்டிக்காரர் காதிலிருந்து அவன் ஒரு கல்லை எடுத்துக் காட்டினான். மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுத்தது நான். அவன் என் தலையைத் தன் முழங்காலில் சாய்த்து, நுனி வளைந்த கம்பி ஒன்றை உருவிச் சீலைத் துணியில் துடைத்தான். "அசையாத இரு தாயி, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள எடுத்தர்றன்" என்றான். கம்பி என் காது மடலைத் தொட்டது. அப்போதுதான் நங்கையா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உடுங்க. அவ காதை உடுங்க."

"ஏ புள்ளே, என்ன பண்றே? சந்தையில மானத்த வாங்காத" என்றாள் அம்மா.

"அந்தக் கல்லு அவுரு காதுல இருந்து வரலீங்க அத்தை. இந்தாளு வெரலிடுக்குல மொதல்லயே இருந்துது. நான் பாத்தனுங்க."

காது குடைகிறவன் கத்தினான். "முப்பது வருசமா இந்தத் தொழில் பண்றன். இந்த அம்மாளுக்குக் காதப் பத்தி என்ன தெரியும்?"

நங்கையா அவன் கையை விடவில்லை. இன்னொரு கையால் மரிக்கொழுந்தை உருவினாள். காதுக்குள்ளிருந்து ஒரு பஞ்சுச் சுருளை எடுத்து அம்மா முன்னால் நீட்டினாள். அது மஞ்சளாக நனைந்திருந்தது. மரிக்கொழுந்து வாசம் போய் வேறு ஒரு வாடை வந்தது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த இந்த இரண்டு வருஷமும் அந்த வாசம் எதற்கென்று எனக்கு அந்த இடத்தில் புரிந்தது.

"எனக்கு இந்தக் காது கேக்காதுங்க அத்தை. எட்டு வயசுல தேருக்குப் போனப்ப, இவன மாதிரி ஒருத்தன்தான் கம்பி உட்டான். டப்புனு ஒரு சத்தம் கேட்டுது. அந்தக் காதுல நான் கேட்ட கடைசிச் சத்தம் அதானுங்க. அன்னைலருந்து சீழ் வருது. சொன்னாக் கட்டிக்க மாட்டாங்கன்னு எங்கப்பா மறைச்சுட்டாரு. நானும் மறைச்சனுங்க. என்னைய என்ன வேணா பண்ணுங்க, அம்மிணி காதுல மட்டும் கம்பி வேண்டாம்."

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. மாமியார் முன்னால் நிமிர்ந்து பேசியது அதுவே முதல் தடவை. இதைச் சொன்னால் தன்னைப் பிறந்த வீட்டுக்கு விரட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வயிற்றில் மூன்று மாதக் கரு வேறு. நாத்தனார் காதுக்காகத் தன் வாழ்வையே பணயமாக வைக்க யாருக்கு மனசு வரும்? எனக்கு வந்திருக்குமா என்று இப்போதும் கேட்டுப் பார்க்கிறேன். வந்திருக்காது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று வீட்டுக்கு நடந்தாள். மிளகாய் வாங்கவில்லை. அண்ணன் தறிக்குழியில் இருந்தான். "உன்ற மாமனாரு நம்மள ஏமாத்திப்போட்டாரு. செவிட்டுப் பொண்ணைத் தலையில கட்டிட்டாரு. இன்னைக்கே கொண்டுபோய் உட்டுட்டு வா" என்றாள். அண்ணன் நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் பிடித்தபடி மெதுவாகச் சொன்னான்: "எனக்குக் கண்ணாலமான மூணா நாளே தெரியும். நான் எந்தப் பக்கம் நின்னு அவகூடப் பேசறன்னு நீ பாத்ததே இல்லையாம்மா?" நங்கையா கதவோரம் நின்றிருந்தாள். அவன் சொன்னது அவளுக்கே புதிது. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அம்மா விடுவதாக இல்லை. ஏமாற்றுக்காரக் குடும்பம் என்றாள். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "நீ மட்டும் என்னம்மா, எனக்குக் காது கேக்கலைன்னு குமாரபாளையத்துக்குச் சொல்லியுட்டியா?" என்று கேட்டுவிட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. ஆனால் அதற்கப்புறம் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிற பேச்சை அம்மா எடுக்கவில்லை.

மறுநாள் நங்கையா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே வயதான கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து என் காதுக்குள் பார்த்தார். வலி உண்டா, சீழ் வந்ததா, முன்னால் யாராவது கம்பி விட்டார்களா என்று கேட்டார். ஓட்டை விழுந்த காதென்றால் எண்ணெயும் விடக்கூடாது, தண்ணீரும் அடிக்கக்கூடாதாம். என் காதில் ஓட்டை இல்லை என்று பார்த்துவிட்டு, நல்லெண்ணெயை லேசாக வெதுவெதுப்பாக்கி, புறங்கையில் விட்டுப் பார்த்து, இரண்டு மூன்று சொட்டு மட்டும் ஐந்து நாள் விட்டுக்கொண்டு வரச் சொன்னார். ஐந்து நாளும் நங்கையாதான் விட்டாள். தன் காதுக்கு ஒருவரும் செய்யாததை என் காதுக்குச் செய்தாள். ஆறாம் நாள் கம்பவுண்டர் பித்தளைப் பீச்சாங்குழலில் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி, காது மடலை மேலாகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து மெதுவாக அடித்தார். நங்கையா கீழே கிண்ணம் பிடித்தாள். வலிக்கவே இல்லை. மூன்றாவது தடவை ஒரு கறுப்பு உருண்டை கிண்ணத்தில் விழுந்தது. அதற்குள்ளே ஒரு துண்டுச் சிவப்பு நூல், சாயம்கூடப் போகவில்லை. "சேலைக்குப் போடற நூலைக் காதுக்குள்ள போட்டு நெய்யப் பாத்தியாம்மா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி முழுசாக எனக்குக் கேட்டது. வெளியே மாட்டு வண்டி போகிற சத்தம், பக்கத்தில் நங்கையா மூச்சு விடுகிற சத்தம், எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தது. நான் சிரித்தேனா அழுதேனா நினைவில்லை.

காதில் சேர்கிற குறும்பி அழுக்கல்ல என்று அவர் சொன்னார். தூசியும் பூச்சியும் உள்ளே போகாமல் இருக்கச் சாமி வைத்தது அது, தானாகவே வெளியே வரும், வெளியில் வந்ததை ஈரத்துணியால் துடைத்தால் போதும், குச்சி விட்டால் உள்ளேதான் போகும் என்றார். பிறகு நங்கையாவைத் திரும்பிப் பார்த்து, "உன் காதைக் காட்டும்மா" என்றார். அவள் தயங்கித் தயங்கிக் காட்டினாள். அவர் முகம் மாறியது. தினமும் வந்து துடைத்து மருந்து போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு தடவை சேலத்துப் பெரிய டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், சீழ் வருகிற காதைச் சும்மா விடக்கூடாது என்றார். வழியில் நான் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். "பாதி ஊர் வம்பு இவளுக்கு வேண்டாம்னு சாமி ஒரு காதை மூடிருச்சு அம்மிணி. நல்லதுதானே?" என்று சிரித்தாள்.

நாலு நாள் போனாள். அப்புறம் அம்மா தடுத்துவிட்டாள். "தெனமும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா, நம்மூட்டுல என்னமோ சீக்குன்னு சம்பந்தி ஊடு வரைக்கும் போயிரும். அம்மிணி கண்ணாலம் முடியட்டும்" என்றாள். கல்யாணம் முடிந்தது. பிறகு அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பிறகு யுத்தத்தால் நூல் கிடைக்காத வருஷம் வந்தது. போகாதே என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் யாரும் சொல்லவில்லை. நான் குமாரபாளையத்தில் இரண்டு காதாலும் மாமியார் பேச்சைக் கேட்டுக்கொண்டு, நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன், தெருவில் யார் பிள்ளைக்குக் காது வலி என்றாலும் நங்கையாதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். யாராவது தார்க்குச்சியைக் காதருகே கொண்டுபோனால் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவாள். "காதுக்காரி வந்துட்டா, குச்சிய ஒளிச்சு வைங்கடி" என்று கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் காதுக்குப் பின்னால் மரிக்கொழுந்து இருக்கும்.

இந்தத் தீபாவளிக்கு நான் பிறந்த வீடு வந்திருந்தேன். சீழ் வருவது நின்றுவிட்டது என்று நங்கையா சந்தோஷமாகச் சொன்னாள். புண் ஆறிவிட்டது என்று அம்மாவும் சாமிக்கு விளக்கேற்றினாள். மூன்றாம் நாள் காதுக்குப் பின்னால் வீங்கித் தலைவலி வந்தது. பிறகு காய்ச்சல், வாந்தி. கழுத்தை அசைக்க முடியவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ், மேட்டில் நின்று நின்று ஏறியது. என் மடியில் அவள் தலை. "அம்மிணி, காது நல்லாக் கேக்குதா உனக்கு?" என்று ஒரு தடவை கேட்டாள். கேக்குதுங்க என்றேன். அதற்கப்புறம் சரியாகப் பேசவில்லை. வெளியே வர வேண்டிய சீழ் உள்ளே மூளைப் பக்கம் போய்விட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். இரண்டு நாள் இருந்தாள்.

வீட்டில் கிடத்தியபோது அம்மா அவளுக்கு இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஒப்பாரி வைக்க வாயெடுத்தவள், சட்டென்று எழுந்து, சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் உட்கார்ந்தாள். அந்தக் காதில் குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இப்போது நங்கையாவின் பையனைக் குளிப்பாட்டுவது அம்மாதான். காதை வெளியே மட்டும் துண்டு நுனியால் ஒற்றுகிறாள். அவனுக்குச் சளி பிடித்துக் காதைத் தடவினாலே, யாரிடமும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறாள். யாராவது என்ன என்று கேட்டால், "காதுல கோளாறு, காட்டீட்டு வாரேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறாள். அதை மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என்று அண்ணனும் நினைக்கிறான், நானும் நினைக்கிறேன். எங்கள் யாருக்கும் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. என் கல்யாணத்துக்காகத்தானே அவள் தடுத்தாள்.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்று விளக்கு வைக்கும்போது எங்கள் நங்கையாவுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். இனி எங்கே பிறந்தாலும், வலிக்கிற இடத்தை மறைக்காமல் வலிக்கிறது என்று சொல்ல முடிகிற ஒரு வீட்டில் அவள் பிறக்கட்டும்.