நட்சத்திரத்துக்கு ஒரு கோன் செக்கிங்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ். மலை மேல் மேகம் தூங்கிக்கொண்டிருந்தது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நூல் மில் யூனிபார்மில் ஒரு அக்கா. "எம்புட்டு நேரமா போனையே பாக்கிய. வீட்ல பிரசவமா தம்பி?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா." நாங்கள் விண்வெளிக்கு அனுப்பிய தொலைநோக்கி இன்றுதான் முதல்முறை கண் திறக்கிறது. புற ஊதா (யுவி) ஒளியில் பார்க்கும். மங்கலாகத் தெரிந்தால் ஆள் போய்த் துடைக்க முடியாது என்று சொன்னேன்.

"யுவி லைட்டா? நானும் அதுலதான வேல பாக்கேன், கோன் செக்கிங்! இருட்டு ரூம்ல அடிச்சா நூல் சுத்தின கோனெல்லாம் நீலமா மிதக்கும். வேற நூல் கலந்திருந்தா அது மட்டும் தனியாத் தெரியும். எடுத்துக் கழிச்சிருவோம். நீங்க எதப் பாப்பிய?"

"முதல்ல நல்லாத் தெரிஞ்ச ஒரு நட்சத்திரம். அது சரியாத் தெரிஞ்சாத்தான் தொலைநோக்கிய நம்பலாம்."

"பொறவு?"

"தனியாத் தெரியுறதத் தேடுவோம்."

"நாங்க கழிக்கிறதத்தான் நீங்க தேடுதியளா?"

போன் அதிர்ந்தது. நட்சத்திரம் சரியாகத் தெரிகிறதாம். சொன்னேன்.

"அப்ப லைட்டு ஓகே. இனி கலப்பு நூலத் தேடுங்க" என்று மில் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார்.

வானத்தில் கலப்பு நூல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். இன்றிலிருந்து எனக்கு அதுதான் வேலை.