பிராக்டிக்கல் பொண்ணும் என் பிரேக்கும்

இதை எழுதும்போதுகூட என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. சிரிக்காதீர்கள்... நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் அழுத்தும்.

செவ்வாய்க்கிழமை காலை. கிள்ளானில் எங்கள் வட்டாரத்துப் பள்ளி வாசல். பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை! மறுபடியும் மிதித்தேன் — வழுக்கிக்கொண்டே போகிறது. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். நின்றது. பம்பருக்கு முன்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில், பை மாட்டிய ஒரு சிறுமி.

அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? காரை இழுவை லோரியில் ஏற்றி, பண்டமாரானில் குணாவின் வர்க்‌ஷாப்புக்குப் போய்க் கத்தினேன்.

முந்தைய சனிக்கிழமைதான் அங்கே புது பிரேக் பேட் போட்டிருந்தேன். போட்டது குணா இல்லை, தர்ஷினி. காலேஜில் கார் ரிப்பேர் படிக்கிற பெண். மூன்று மாதம் பிராக்டிக்கல் செய்ய அவனிடம் வந்திருக்கிறாள்.

"ஒரு பொண்ணு கையில என் பிரேக்கைக் குடுத்திருக்கியே, உனக்கு அறிவு இருக்கா? புள்ள செத்திருக்கும்யா!"

குணா வெலவெலத்துப் போனான். என்ன ஏது என்று பார்க்கக்கூட இல்லை. அங்கேயே அவளுடைய லெக்சரருக்குப் போன் போட்டான்.

"சார், இந்தப் பொண்ணு நமக்கு வேணாம் லா. இன்னைக்கே அனுப்பிடுறேன்."

பிராக்டிக்கல் பாதியில் நின்றால் அவளுக்கு அந்த செமஸ்டரே போச்சு. எனக்கு அது தெரியும். தெரிந்தும், நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.

தர்ஷினியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அழவில்லை.

"பாஸ், டயரைக் கழட்டிப் பாத்துட்டு அப்புறம் அனுப்புங்க."

அவளே கழற்றினாள். பேட் கவ்விப் பிடிக்கிற பிரேக் டிஸ்க்கை வெள்ளை டிஷ்யூவால் துடைத்தாள். டிஷ்யூ பழுப்பாகிப் பளபளத்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அங்கிள்... இதுல ஏதாச்சும் அடிச்சீங்களா?"

அடித்தேனா? ஐயோ, அடித்தேன்! திங்கட்கிழமை சாயங்காலம். புது பேட் கீச் கீச்சென்று மானத்தை வாங்கியது. "கொஞ்ச நாளைக்குச் சத்தம் வரும் அங்கிள், தானா அடங்கிடும்" என்று அவள் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். நான் கேட்டால்தானே? வாசல் இரும்பு கேட் கிறீச்சிட்டால் அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை எடுத்து, சக்கரத்து இடுக்கு வழியாகத் தாராளமாக அடித்துவிட்டேன். சத்தம் போயே போச்சு. மனைவியிடம் பீற்றிக்கொண்டது வேறு!

பிரேக் உரசினால்தானே கார் நிற்கும்? முப்பது வருஷம் கார் ஓட்டிய மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது, "இல்லையே." நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை... அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பள்ளி வாசலில் பதறியதைவிட அப்போதுதான் எனக்கு அதிகம் பதறியது. நானா இப்படி?

தப்பு என்று வந்தால், திட்டுவதற்கு வசதியான ஆள் யார் என்றுதான் நம் கண் முதலில் தேடுகிறது. வேலை பழக வந்தவர்கள், அதிலும் பெண் என்றால், கேட்கவே வேண்டாம்!

"அடிச்சேன்மா. எண்ணெய்," என்றேன்.

குணா வாயைப் பிளந்தான். "அண்ணே! பிரேக்குக்கு எண்ணெயா?"

தர்ஷினி கையைத் துடைத்துக்கொண்டாள். லெக்சரரின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லிடுங்க அங்கிள்."

சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவளிடமும் அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லெக்சரர் சொன்னார்:

"சரி சார், தர்ஷினி அங்கயே இருக்கட்டும். நீங்க ஒருநாள் எங்க காலேஜுக்கு வர முடியுமா?"

"நானா? நான் வந்து என்ன சார் பாடம் நடத்தப் போறேன்?"

"நீங்க நடத்த வேணாம் சார். ஸ்டூடண்ட்ஸுக்கு உங்களைக் காட்டணும்."

வெள்ளிக்கிழமை போகிறேன்.