தண்ணீரில் தேறிய பம்ப்

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்து போர்வெல் தண்ணீர் உப்பு. சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஆசிட் செலுத்தித்தான் அடைப்பை எடுப்போம். அதற்கு பம்ப் வாங்கப் போனேன். கடைக்காரர் தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டினார். "ஒரு சொட்டு ஒழுகுதுங்களா?" ஒழுகவில்லை. நம்பி வாங்கி வந்தேன்.

மூன்றாம் நாள், ஆசிட் உள்ளிருந்த வாஷரை அரித்துவிட்டு வெளியே பீறிட்டது. ஓரடி தள்ளி நின்றதால் முந்தானையில் பட்டதோடு தப்பினேன்.

கூழாகிப்போன வாஷரைக் கடை மேசைமேல் வைத்தேன்.

"ஆம்பளைங்கள அனுப்பியிருக்கலாமுங்க" என்றார் கடைக்காரர்.

"தண்ணி உட்டுக் காட்டுனது ஆம்பளதானுங்களே" என்றேன்.

இப்போதெல்லாம் முதலில் உதிரி வாஷரை மட்டும் வாங்குகிறேன். நாங்கள் ஊற்றும் அதே ஆசிடில், கண்ணாடி பாட்டிலில் ஒரு வாரம் ஊறவைக்கிறேன். அது தேறினால்தான் பம்ப் வாங்குவேன். கடைக்காரர் முகம் எப்படிப் போனாலும் சரி.